மார்கழியில் வீசிய பெட்ரோல் நெடி

ஒரு வண்டிக்குள் வீசும் நெடிக்குக் காரணம் இன்னதென்று எழுதிக் கையெழுத்திட, எழுதுகிறவனுக்கு அந்த வண்டியைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? கடிதம் எழுதுவதற்கு முன்பு இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவில்லை. கடிதம் போய்ச் சேர்ந்து, அதனால் ஒரு டிரைவருக்கு வேலை போகும் நிலை வந்த பிறகுதான் அது எனக்குத் தோன்றியது. அந்த வரிசைக் கோளாற்றைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

அந்த வருஷங்களில் நான் பி.ஏ. முடித்துவிட்டு, ஒரு தரும சபை நடத்திவந்த ஆரம்பப் பள்ளிகளை மேற்பார்வையிடும் வேலையில் இருந்தேன். பள்ளிகள் பள்ளிகொண்டாவிலும் ஆம்பூரிலும் அவற்றுக்கு இடைப்பட்ட சில ஊர்களிலும் இருந்தன. அவற்றில் படித்தவர்கள் பெரும்பாலும் தோல் பதனிடும் சாலைகளில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள். நான் குடியிருந்தது சத்துவாச்சாரியில். விடியற்காலையில் எழுந்து வேலூருக்கு நடந்துபோய், கோட்டைக்கு அருகிலிருந்து ஆம்பூருக்குப் புறப்படும் முதல் மோட்டார் பஸ்ஸைப் பிடிப்பேன். வாரத்தில் ஐந்து நாளாவது அதில் போவேன்.

அந்தப் பஸ்ஸின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது பஸ்ஸாகப் பிறந்த வண்டி அல்ல. ஒரு லாரியின் அடிச்சட்டத்தின்மேல் வேலூர்த் தச்சர்கள் மரக்கூடு கட்டிப் பலகைகளைப் பொருத்தியிருந்தார்கள். சன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது. இருபுறமும் கித்தான் படுதாக்கள் மேலே சுருட்டிக் கட்டப்பட்டிருக்கும். மழைக்கும் குளிருக்கும் அவற்றை இறக்கிப் பொத்தான் போட்டுவிடுவார்கள். ஏறவும் இறங்கவும் பின்புறத்தில் ஒரே வழி. முன்னால் டிரைவரும் இன்னும் இரண்டு பேரும் உட்காரும் ஒரு பலகை. பெட்ரோல் டாங்கி அந்தப் பலகைக்கு அடியில் இருந்தது. அக்காலத்து வண்டிகள் பலவற்றில் அப்படித்தான். பெட்ரோல் ஊற்ற வேண்டுமானால் முன்னால் இருப்பவர்கள் இறங்க வேண்டும். மெத்தையை எடுத்து, பலகையைத் தூக்கி, பித்தளை மூடியைத் திருகிக் கழற்றிப் புனல் வைத்து ஊற்றுவார்கள்.

டிரைவருக்கு நாற்பது வயதிருக்கும். எல்லோரும் அவரைப் பாய் என்றே கூப்பிட்டார்கள். நான் எப்போது போனாலும் முன் பலகையில் தமக்குப் பக்கத்தில் ஓர் இடம் வைத்திருப்பார். முதலில் யாராவது வந்து உட்கார்ந்திருந்தால், சார் வருவாரு என்று சொல்லிப் பின்னால் அனுப்பிவிடுவார். படித்தவனுக்குச் செய்யும் மரியாதை என்று அதை எடுத்துக்கொண்டேன். வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

மார்கழி பிறந்த வாரத்தில் நெடி தொடங்கியது. பாலாற்றுப் பக்கத்திலிருந்து பனி சாலைவரை ஏறிவந்து, எதிரே வரும் மாட்டுவண்டியின் விளக்கு கிட்ட நெருங்கிய பிறகுதான் தெரியும். குளிர் தாங்காமல் படுதாக்களை இறக்கச் சொன்னார்கள். இறக்கிய சிறிது நேரத்திலேயே பெட்ரோல் நெடி கூட்டுக்குள் நிறைந்தது. முதல் நாள் யாரும் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் நாள் பள்ளிகொண்டா போய்ச் சேர்வதற்குள் எனக்குத் தலை கனத்துவிட்டது.

பயணிகள் முதலில் குறை சொன்னது கடைசிப் பலகையை. ஆம்பூர் டேனரி ஒன்றில் வேலை செய்த நாலைந்து பேர் அங்கே உட்கார்ந்து வருவார்கள். அவர்களில் ஒருவர், பதனிட்ட தோலுக்கு எண்ணெய் போடும் பகுதியின் மேஸ்திரி. டேனரி ஆட்கள் வண்டியில் இருந்தால், எந்த நாற்றமானாலும் அவர்களுடையது என்று தீர்மானித்துவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். ஒரு மளிகை வியாபாரி, அவர்கள் மூட்டைகளை மேலே போடவேண்டும் என்றார். மேஸ்திரி தம் மூட்டையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"மோந்து பாருங்க செட்டியாரே. எங்க வாடை இன்னான்னு எங்களுக்குத் தெரியும். இது உங்க பட்டணத்து வாடை."

வண்டி சிரித்தது. நானும் திரும்பி, இது பெட்ரோல் என்பது மூக்குள்ள எவருக்கும் தெரியும், தொழிலாளிகள்மேல் பழி போடுவது முறையல்ல என்று சொன்னேன். அன்று மாலை நாட்குறிப்பில் அதை எழுதியும் வைத்தேன். ஏழைகள்மீது சாட்டப்பட்ட பொய்க் குற்றம் ஒன்றைத் தடுத்துவிட்டதாக எனக்கு ஒரு திருப்தி.

அதற்கு அடுத்த வாரம், பள்ளிகொண்டாவுக்கு ஒரு மைல் இருக்கும்போது, கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் தலைசுற்றி வாந்தியெடுத்தாள். குழந்தை அழக்கூட இல்லை. கண் சொருகித் துவண்டு கிடந்தது. வண்டியை நிறுத்தி இருவரையும் இறக்கிக் காற்றில் உட்கார வைத்ததும் கொஞ்ச நேரத்தில் தெளிந்தார்கள். மறுநாளே இன்னொன்று நடந்தது. பின்னால் இருந்த ஒரு கிழவர் சுருட்டுக்கு நெருப்புக்குச்சி உரசினார். சத்தம் கேட்ட கணத்தில் பாய் வண்டியை நிறுத்தி, சுற்றிக்கொண்டு ஓடிப்போய்ச் சுருட்டைப் பிடுங்கி வெளியே எறிந்தார். கிழவர் கோபித்துக்கொண்டார். பாய் நெருப்புப்பெட்டியையும் வாங்கிக்கொண்டு முன்னால் போனார்.

பொத்தான் போட்ட கித்தானுக்குள் இருபது பேர், ஒரே வழி, காற்றில் பெட்ரோல். இதை யாரேனும் பஸ் முதலாளிக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் பிழை இல்லை என்றுதான் இன்றும் எண்ணுகிறேன்.

பள்ளிகளைப் பார்வையிட்டு அறிக்கை எழுதுவது என் தொழில். அதே முறையில் இந்த நெடியையும் நாலு நாள் கவனித்துக் குறித்தேன். காலையில் கடுமையாக இருக்கிறது. பள்ளிகொண்டாவைத் தாண்டி வெயில் ஏறிய பிறகு தணிகிறது. மாலையில் திரும்பும்போது, படுதா சுருட்டியிருப்பதால், அநேகமாக இல்லை. கடைசிப் பலகையைவிட முன் பலகையில் அதிகம். இவ்வளவும் சரியான கவனிப்புகள். ஐந்தாம் நாள், பாயின் காலடியில் கந்தல் சுற்றிய ஒரு சிறு தகர டப்பாவைக் கண்டேன். அவர் இறங்கியிருந்தபோது குனிந்து முகர்ந்தேன். பெட்ரோல். தேடியது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அதற்கு மேல் எதையும் குறிக்கவில்லை.

முதலாளிக்கு ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கக் கடிதம் எழுதினேன். தாயும் குழந்தையும் மயங்கியது, சுருட்டு, தீப்பிடிக்கும் அபாயம் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, முடிவில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்: பயணிகள் இருக்கும் இடத்தில், டிரைவரின் இருக்கைக்கு அடியில், தனிப் பாத்திரம் ஒன்றில் பெட்ரோல் எடுத்துச் செல்லப்படுவதாகத் தெரிகிறது. டிரைவர் திருடுகிறார் என்று நான் எழுதவில்லை. அப்படி நினைக்கவும் இல்லை. ஆனால் படிப்பவர் யார், அவருக்கு ஏற்கெனவே என்ன சந்தேகம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. சில வாரங்களாகவே அந்த வண்டிக்கு வழக்கத்தைவிடப் பெட்ரோல் ஜாஸ்தியாகச் செலவாகிக்கொண்டிருந்தது. முதலாளி காரணம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் என் கடிதம் அவர் மேசைக்குப் போனது.

செவ்வாய்க்கிழமை காலை நான் போனபோது முன் பலகையில் என் இடம் காலியாகவே இருந்தது. பாய் என்னைப் பார்க்கவில்லை. ஹேண்டில் போட்டுச் சுழற்றி இஞ்சினைக் கிளப்பி, ஏறி உட்கார்ந்து, கோட்டை அகழியைத் தாண்டினார். பிறகு சாலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"நீங்க எழுதினீங்களாமே, சார்."

வண்டியில் வரும் நெடியைப் பற்றி எழுதினேன் என்றேன்.

"டப்பாவப் பத்தி எழுதினீங்க. முதலாளி படிச்சிக் காட்டினாரு. வழியில பெட்ரோல எறக்கி விக்கிறனாம். சனிக்கிழமையோட நின்னுக்கன்னுட்டாரு."

நான் சொன்ன பதில் எனக்கே கேவலமாகப் பட்டது. விற்பதாக நான் எழுதவில்லை என்றேன்.

"குளிர்ல இஞ்சின் புடிக்காது சார். காலையில ஒரு முழுங்கு பெட்ரோல் ஊத்தி ஹேண்டில் போட்டாத்தான் புடிக்கும். அதுக்குத்தான் டப்பா. ஊத்தினா காலி. மூணு வருஷமா உங்கள பக்கத்துல குந்த வச்சிக்கினு போறேன். இது இன்னா பாய்னு என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

அவர் குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் இருந்த மூன்றாவது ஆளுக்கு அது கேட்டிருக்குமா என்பதுகூடச் சந்தேகம். இந்த வேலை போனால் வேறு முதலாளி யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றும், பெட்ரோல் திருடியவன் என்ற பெயர் ராணிப்பேட்டை வரைக்கும் தமக்கு முன்னால் போய் நிற்கும் என்றும் பிறகு சொன்னார். அதை எனக்குச் சொன்னதுபோல் இல்லை. சாலைக்குச் சொன்னதுபோல் இருந்தது.

கடிதத்தைத் திரும்பப் பெறுவது பற்றி யோசித்தேன். ஆனால் நெடி இன்னும் இருந்தது. குழந்தைகள் இன்னும் ஏறினார்கள். பெட்ரோல் குறைவதும் உண்மை. டப்பா காரணம் அல்ல என்று மட்டும் எழுதினால், படித்த பையன் மனம் இளகிவிட்டான் என்று முதலாளி ஒதுக்கிவிடுவார். உண்மையான காரணத்தைக் காட்டாவிட்டால் என் முதல் கடிதமே நிற்கும். சனிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது.

புதன்கிழமை, இஞ்சின் கிளம்பியதும் டப்பாவை வண்டி நிறுத்தும் கொட்டகையிலேயே விட்டுவிட்டு வரும்படி பாயிடம் கேட்டேன். அப்படியே விட்டுவிட்டு வந்தார். நெடி கொஞ்சமும் குறையவில்லை. டாங்கியிலிருந்து இஞ்சினுக்குப் போகும் செம்புக்குழாயில் எங்காவது ஒழுகலாமே என்றேன். அதைத் தாம் இரண்டு முறை துடைத்துப் பார்த்துவிட்டதாகவும், எங்கும் ஈரம் இல்லை என்றும், மூடியையும் வலுவாக இறுக்கியிருப்பதாகவும் சொன்னார். குளிரிலும் பெட்ரோல் சீக்கிரம் பறந்துவிடும். வண்டி நின்று, ஆள் இறங்கி, பலகையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் ஈரம் இருந்த இடம் காய்ந்திருக்கும். அப்போதுதான் எனக்கு என் பையிலிருந்த, கரும்பலகையில் எழுதும் சாக்குக் கட்டிகளின் நினைவு வந்தது. பள்ளிகளுக்குக் கொடுப்பதற்காக எப்போதும் ஒரு பெட்டி வைத்திருப்பேன். பெட்ரோல் பறந்துவிட்டாலும், அது வழிந்த தடம் பொடியில் நிற்கும்.

மறுநாள் வியாழக்கிழமை. வேலூரில் டாங்கியை நிரப்பிய பிறகு, சாக்குக் கட்டியைப் பொடித்து, குழாயின் இணைப்புகளிலும் மூடியைச் சுற்றிலும் அழுந்தத் தடவினோம். பள்ளிகொண்டாவில் வண்டி கால் மணி நேரம் நிற்கும். எல்லோரும் காப்பி குடிக்க இறங்குவார்கள். அங்கே பலகையைத் தூக்கினோம். இணைப்புகளில் தடவிய பொடி தடவியபடி வெள்ளையாகவே இருந்தது. மூடியின் கழுத்தில் ஒரு பக்கம் பொடி கழுவப்பட்டு, டாங்கியின் தோள்வரைக்கும் இரண்டு விரல் அகலத்துக்குக் கோடு இறங்கியிருந்தது.

பாய் மூடியைப் பிடித்துத் திருகிப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றி உள்ளே பார்த்தார். மூடிக்குள், ஒழுகாமல் அடைக்கப் போடும் வில்லையாக, ஒரு தோல் வாசர் இருந்தது.

அதை முந்தியே ஏன் சந்தேகிக்கவில்லை என்று வெளியூர்க்காரர் யாரும் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் ஒழுகல் என்றால் தோல்தான் மருந்து. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கவலைக்குத் தோல், கைப்பம்புக்குத் தோல், கொல்லன் துருத்திக்குத் தோல். நல்ல தோலை வெட்டிப் போட்ட இடம் ஒழுகும் என்ற எண்ணமே இங்கே யாருக்கும் வராது. மூடியில் முதலில் இருந்தது தக்கை வாசர். ஐப்பசி மழையில் அது நைந்து உதிர்ந்தபோது பாய் மேஸ்திரியிடம் சொல்ல, மேஸ்திரி கனமான மாட்டுத் தோலில் அளவெடுத்து அழகாக வட்டம் வெட்டிக் கொடுத்திருக்கிறார். பாய்க்கு அந்த வண்டியிலேயே நம்பிக்கையான பாகம் அதுதான். குழாயைத் துடைத்தார், இணைப்பை இறுக்கினார். அந்த வாசரை மட்டும் அவர் கழற்றிப் பார்க்கவில்லை. நானும் அதைக் கேட்டிருக்க மாட்டேன்.

காப்பி குடித்துவிட்டு வந்த மேஸ்திரியைப் பாய் கூப்பிட்டார். தோல்மேல் குற்றம் என்றதும் மேஸ்திரிக்கு முகம் மாறிவிட்டது. தாம் வெட்டிய வாசர் ஆம்பூரில் ஏழு பம்புகளில் இருக்கிறது, ஒரு சொட்டு ஒழுகினதில்லை என்றார். மூடியைப் பார்க்காமலே, திருகத் தெரியாமல் கோணலாகத் திருகியிருப்பீர்கள் என்றார். தம் பகுதியில் தோல் எத்தனை நாள் ஊறுகிறது, எவ்வளவு புங்க எண்ணெய் குடிக்கிறது என்று எங்களுக்குச் சொல்லத் தொடங்கினார். சொல்லிக்கொண்டே வாசரை விரலால் நெம்பி எடுத்தார். எடுத்ததும் பேச்சு நின்றது.

கட்டைவிரலால் அதை அழுத்தினார். மடித்தார். மடித்த இடத்தில் ஓட்டுத்துண்டுபோல் வெடிப்பு விட்டது. மூடிக்குள் திரும்ப வைத்துப் பார்த்தபோது ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்குச் சந்து இருந்தது. அதைச் சூரிய வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். நாக்கு நுனியிலும் ஒரு முறை வைத்துப் பார்த்தார்.

"இன்னா மேஸ்திரி, உன் தோலு என்ன சொல்லுது?" என்றார் பாய். அன்று முதல் தடவையாக அவர் குரலில் கொஞ்சம் கேலி இருந்தது.

"வெட்டினது நான்தான் பாய். ஆனா இப்ப இது தோலு இல்ல. எண்ணெ பூரா போயிடுச்சி. எலும்பாட்டம் கீது."

பிறகு என் பக்கம் திரும்பி, யாரையும் குற்றம் சொல்லாத தொழில் குரலில் விளக்கினார். தண்ணீரில் தோல் ஊதும். ஊதிப்போய் இடைவெளியை அடைக்கும். அதனால்தான் பம்புக்கு அது நிற்கிறது. தோல் வளைந்து கொடுப்பது உள்ளே இருக்கும் எண்ணெயால். பெட்ரோல் அந்த எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டிருக்கிறது. மழைக்காலத்தில் காற்றில் ஈரம் இருந்தவரை வாசர் ஏதோ தாக்குப்பிடித்திருக்கிறது. மார்கழிக் குளிரில் எண்ணெய் இல்லாத தோல் கட்டையாக இறுகிச் சுருங்கிவிட்டது. வெயில் ஏறினால் கொஞ்சம் இளகும். மத்தியானத்தில் நெடி குறைவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். காலையில் டாங்கி நிறைந்திருக்கும், வண்டி குலுங்கும்போது பெட்ரோல் அந்தச் சந்தின் வழியே தெறித்து வழியும் என்று பாய் சேர்த்துக்கொண்டார். என் குறிப்பேட்டில் இருந்த கவனிப்புகள் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. படுதா நெடியை உண்டாக்கவில்லை. வெளியே போக விடாமல் பிடித்து மட்டும் வைத்திருந்தது.

"உனக்கு முந்தியே தெரியாதா இது?" என்று பாய் மேஸ்திரியைக் கேட்டார்.

"பெட்ரோல எவன் தோலுக்கு ஊத்திப் பாத்தான்? எனக்கும் இன்னிக்குத்தான் தெரியுது."

முதலாளி நம்பவேண்டுமே என்றேன் நான். மேஸ்திரி அதற்கு ஒரு வழி சொன்னார். அதே தோலில் மிச்சமிருந்த துண்டு அவர் வேலை செய்யும் இடத்தில் கிடந்தது. அன்று பகல் அதில் இரண்டு சிறு துண்டுகள் வெட்டி, இரண்டு மருந்துப் புட்டிகளில் போட்டார். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் பாய் கொடுத்தனுப்பிய பெட்ரோல். மறுநாள் காலை பஸ்ஸுக்கு வரும்போது இரண்டையும் கொண்டுவந்தார். தண்ணீரில் இருந்தது தடித்து மெத்தென்றிருந்தது. பெட்ரோலில் இருந்ததை முன்னமே எடுத்துக் குளிர்க்காற்றில் உலர்த்தியிருந்தார். அது விறைத்துப் போயிருந்தது. அந்தப் புட்டியிலிருந்த பெட்ரோல் லேசாக மஞ்சளித்திருந்தது. அதில் ஒரு சொட்டை என் குறிப்பேட்டுத் தாளில் விட்டுப் பார்த்தோம். பெட்ரோல் பறந்துவிட்டது, நடுவில் எண்ணெய்க் கறை நின்றது. மேஸ்திரி தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, தம் புங்க எண்ணெய்தான் என்று அடையாளம் சொன்னார்.

அன்று வெள்ளிக்கிழமை. மாலை வண்டி வேலூருக்குத் திரும்பியதும் மூவரும் முதலாளியைப் பார்க்கப் போனோம். அந்த வண்டியிலேயே வர மேஸ்திரிக்கு அரைநாள் விடுப்பு எடுக்க வேண்டியிருந்தது. என் கடிதத்தால் நடந்ததில் அவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்றாலும், தம் வாசரால் வந்த வினை என்று வந்தார். முதலாளியின் அறையில் பாயும் மேஸ்திரியும் நின்றார்கள். எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். நான் உட்கார்ந்தேன். நின்றிருக்கலாம் என்பது வெளியே வந்த பிறகு நினைவுக்கு வந்தது.

நான் எழுதிக்கொண்டுபோன இரண்டாவது கடிதத்தை அவர் படித்தார். அதில், டப்பாவைப் பற்றி முதல் கடிதத்தில் எழுதிய வாக்கியம் விசாரிக்காமல் எழுதப்பட்டது, அது தவறு என்று தனி வரியாக எழுதியிருந்தேன். கறைபட்ட தாளையும் வெடித்த வாசரையும் அதோடு வைத்திருந்தேன். அவர் வாசரைத் தொடவில்லை.

"நீங்க எழுதினத நம்பித்தானே சார் நான் அவன நிக்கச் சொன்னேன். இப்ப வேற மாதிரி எழுதிக்கினு வர்றீங்க. அடுத்த வாரம் இன்னொண்ணு எழுதுவீங்களா?"

முதல் கடிதத்தில் என் மூக்கை நம்பினேன், இதில் யார் வேண்டுமானாலும் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருள் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். மேஸ்திரி முன்னால் வந்து, வாசரை முதலாளியின் உள்ளங்கையில் வைத்து, மடித்துப் பார்க்கச் சொன்னார். தாமே வெட்டியது என்றும், குற்றம் இருந்தால் தோலில் இருக்கிறது, பாயிடம் இல்லை என்றும் சொன்னார். டேனரியில் எண்ணெய் போடுகிறவர்களுக்குத் தம் தோல் கெட்டது என்று ஒரு முதலாளியின் முன்னால் ஒப்புக்கொள்வது எளிதல்ல. அவர் அதைச் சொன்னபோது சாவதானமாகவே சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் வெளியே போய் நின்றுகொண்டார்.

முதலாளி வாசரை மடித்தார். அது இரண்டாக உடைந்து, ஒரு பாதி மேசைக்கு அடியில் விழுந்தது. மற்றப் பாதியை மேசைமேல் வைத்துவிட்டு அவர் தம் நிபந்தனையைச் சொன்னார். தக்கை வாசர் போட்டு மூன்று நாள் ஓட்ட வேண்டும். புறப்படும்போதும் திரும்பும்போதும் டாங்கியில் அளவுக்குச்சி விட்டுப் பார்க்க வேண்டும். பெட்ரோல் பழைய அளவுக்குள் நின்றால் பாய் இருக்கலாம். நிற்காவிட்டால் தோல், தக்கை என்று யாரும் வந்து பேசவேண்டாம்.

தக்கை வாசரைக் கோட்டைத் தெருவில் ஒரு மோட்டார்ப் பட்டறையில் வெட்டி வாங்கினோம். சனிக்கிழமை காலை பனி கடுமையாகவே இருந்தது. வேண்டுமென்றே படுதாக்களை எல்லாப் பொத்தான்களும் போட்டு இறக்கினார் பாய். காற்றுப் புகுந்து சோதனையைக் கெடுத்துவிடக்கூடாது என்பது அவர் கவலை. பள்ளிகொண்டா வரைக்கும் யாரும் நெடியைப் பற்றிப் பேசவில்லை. செட்டியார் ஒருமுறை மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, இன்றைக்குத் தோல் வாடை மட்டும்தான் வருகிறது என்றார். கடைசிப் பலகையிலிருந்து மேஸ்திரி, அது நல்ல வாடை, அதை ஒன்றும் சொல்லாதீர்கள் என்று பதில் கொடுத்தார். மூன்று நாளும் அளவுக்குச்சி பழைய கோட்டிலேயே நின்றது. நான்காம் நாள் பாய் வேலையில் இருக்கலாம் என்று சொல்லியனுப்பினார்கள். அவர்மேல் சாட்டிய குற்றத்தைப் பற்றி முதலாளி அதற்கு மேல் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை.

மறுநாள், புதன்கிழமை, நான் வண்டிக்குப் போனபோது முன் பலகையில் ஒரு புகையிலை வியாபாரியும் அவர் மைத்துனரும் உட்கார்ந்திருந்தார்கள். பாய் எனக்கு வணக்கம் சொன்னார். சார் வருவாரு என்று அவர்களிடம் சொல்லவில்லை. நான் பின்னால் சுற்றிப்போய் ஏறினேன். மேஸ்திரி நகர்ந்து இடம் கொடுத்தார்.

அதற்குப் பின் அந்த முதலாளியின் வண்டிகளில் டாங்கி மூடிக்குத் தக்கை வாசரைத் தவிர வேறு போடவில்லை. பாயின் வண்டிக்கு மட்டும் தினம் இருமுறை அளவுக்குச்சி விட்டுப் பார்த்துவந்த வழக்கமும் பிறகு நின்றுவிட்டது. மற்றவர்களுக்குச் செய்யாததை அவருக்கு மட்டும் செய்ய வேண்டாம் என்று நான் கேட்டதை முதலாளி ஏற்றுக்கொண்டார். பள்ளிகளைப் பற்றி நான் எழுதிய அறிக்கைகளில், யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவரிடம் முதலில் கேட்டு, அவர் சொன்னதையும் எழுதுவது வழக்கமாயிற்று. அந்த வேலையில் இருந்தவரை ஆம்பூருக்குக் கடைசிப் பலகையில்தான் போனேன்.